துரையின் ஏக்கம்

பிப்ரவரி 8

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் இருவரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நானும் இத்தனை மாதம் சும்மா இருந்தேன். முதலில் 'சம்பந்தி' என்று தொடங்கி எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அந்தச் சொல்லுக்கு இனி எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அதனால் ஐயா.

போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது கேட்காது. உங்கள் வீட்டம்மாவிடமோ மகளிடமோ பேசலாம் என்றால் எனக்கு வாய் வராது. ஆகவே கடிதம்.

விஷயம் துரையைப் பற்றியது. என் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், உங்கள் மகள் பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள், இருவரும் சேர்ந்து வளர்த்த நாய் என்னிடம் தங்கிவிட்டான். நானாகக் கேட்டு வைத்துக்கொண்டதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவன் அவனாக இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி காய்கிறது. வாசல் கதவின் அடியில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஊளையிடுகிறான். வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் பண்ணாதவன், சோபாக் கால், கட்டில் கால் என்று ஒன்று விடாமல் காலைத் தூக்குகிறான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிற எனக்கு நாற்றம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம்தான் ரொம்ப அதிகம். நான் வேலை முடிந்து, கீழ்வீட்டுத் துணிமூட்டையை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வரும் நேரம். யோசித்துப் பார்த்தால், உங்கள் மகள் ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்த நேரமும் அதுதான். எனக்குப் புரிந்துவிட்டது. இது ஏக்கம். வேறொன்றும் இல்லை.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்காவிட்டால் நாயை அப்புறப்படுத்த வேண்டுமாம். மகனிடம் சொன்னால், "யாருக்காவது குடுத்துடும்மா" என்கிறான். அவனுக்கென்ன, சொல்லிவிடுவான். எனக்கு இந்த வீட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒரு ஜீவன்தான்.

ஒரே ஒரு உதவி. உங்கள் மகள் உடுத்திய துணி ஏதாவது ஒன்று, துவைக்காமல், அனுப்பி வைக்க முடியுமா? வாசனையாவது இருந்தால் ஆறுதலாக இருப்பான்.

இப்படிக்கு,
துரை வீட்டம்மா

கீழ்வீட்டுத் துணி என்றேனே, அது வேறு கதை. புதிதாகக் குடிவந்தவர்கள். "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, வெளியவே விடறதில்ல" என்றார் அந்த அம்மா. வாஷிங் மெஷின் வேறு ரிப்பேராம். மனசு கேட்கவில்லை, விரிப்புகளை நான்தான் என் வீட்டில் துவைத்துத் தருகிறேன்.


பிப்ரவரி 11

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் கிழித்துப் போட்டால் போடுங்கள், நான் கிழிப்பதாக இல்லை. பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட தாளை நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அதில் உங்கள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. நம்மை யாரும் பிரிக்கவில்லை.

அதற்காக எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மகளின் சாமான்களை எடுக்க நாங்கள் வந்த அன்று நீங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பெட்டியெல்லாம் இறக்கி முடித்து, வண்டி கிளம்பும் வரை அந்தக் கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்காரி வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் காது கேட்காதே, ஆனால் அது மட்டும் கேட்டது.

சரி, நாய்க்கு வருவோம். நான் பாய்லர் ஓட்டிய காலத்தில் எங்கள் பாய்லர் அறைக்குக் காவலாக ஒரு கடுவன் நாய் இருந்தது. ஆள் பார்த்தால் அரசன். ஆனால் பின்பக்கச் சந்தில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் கிடையாது. ஊளை. நடை. கண்ட இடத்தில் காலைத் தூக்கல். பல் கடகடவென்று ஆடும், வாயோரம் நுரை தள்ளும். பூட்டி வைத்தால் கதவைப் பிறாண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அதே கதை மாதிரி இருக்கிறது. துரைக்கு ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், மகள் செய்யலாம் என்றபோது குறுக்கே நின்றவனே நான்தான். அக்கம்பக்கத்தில் பெட்டை நாய் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா? கொஞ்சம் விசாரியுங்கள். இந்த மாதிரி விஷயத்தை உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

துணியும் அனுப்பியிருக்கிறேன். மகளின் சாம்பல் நிற ஸ்வெட்டர். போன தடவை வந்தபோது இங்கே விட்டுப்போனாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பாள், எதற்கு என்று சொன்னால் அழுவாள்.

சின்ன மாப்பிள்ளை துரையை நான் விசாரித்ததாகச் சொல்லவும். பெரிய மாப்பிள்ளை நம்மை விட்டாலும் இவன் விடவில்லை பாருங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 14

ஐயாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. நன்றி. கடிதமும் வந்தது. அதற்கு நன்றி சொல்ல முடியவில்லை.

துரையைப் பற்றி அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சந்தில் திரிகிற நாயும் அவனும் ஒன்றா? உங்கள் மகள் மடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். அவனுக்கும் பல் ஆடுகிறதுதான். குளிர் என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டிருக்கிறேன். ஏக்கத்திலும் பல் ஆடும்.

விசாரிக்கச் சொன்னீர்கள், விசாரித்தேன். எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் பூனை, பக்கத்து வீட்டில் மீன் தொட்டி. கீழ்வீட்டில் நாயே கிடையாது, குரைத்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அங்கே இருப்பது அந்த அம்மாவும் அந்தப் பெண்ணும்தான். அந்தப் பெண்ணை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. எப்போது கேட்டாலும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சிடுசிடுன்னு இருக்கா, யாரையும் கிட்ட விட மாட்டேங்கறா" என்கிறார். விரிப்பில் அங்கங்கே ரத்தக் கறை. கை நிறைய முடி, குட்டை குட்டையாக. ஆஸ்பத்திரித் துணியில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். மருந்துக்கு முடி கொட்டுகிறவர்களின் தலையணை உறை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என்ன நோய் என்று ஊகித்துவிட்டேன். வயசுப் பிள்ளை. வாயைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சூப் வைத்துக் கொடுத்தனுப்பினேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தையே நக்கிவிட்டாளாம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் போய்ப் பெட்டை நாய் தேடச் சொல்கிறீர்கள்.

ஸ்வெட்டரை விரித்ததும் துரை அதன் மேல் ஏறிப் படுத்தான். ஒரு வாய் சாப்பிடக்கூடச் செய்தான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சாயங்காலம் நான் கீழ்வீட்டு மூட்டையோடு உள்ளே நுழைந்ததுதான் தாமதம், ஸ்வெட்டரை உதறிவிட்டு எழுந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூட்டையைப் பிடுங்கி அதன் மேல் விழுந்து புரண்டான். கதறுகிறான். வாரைப் பிடித்து இழுத்ததில் என் தோள்பட்டை பிசகி, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசனை போதவில்லை, ஆளே வேண்டும் என்கிறான். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். உங்கள் மகள் ஒரே ஒரு முறை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போக முடியுமா? நான் வெளியே போய்விடுகிறேன். என் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியம் இல்லை. மாதக் கடைசி நெருங்குகிறது.

இப்படிக்கு,
துரை வீட்டம்மா


பிப்ரவரி 17

சம்பந்தியம்மாவுக்கு,

மன்னிக்க வேண்டும். கரியும் நீராவியுமாகக் காலம் தள்ளியவன், எதைப் பார்த்தாலும் பிரஷர் ஏறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கும் ஏக்கம் என்றே படுகிறது. படவேண்டும் என்று ஆசையும் இருக்கிறது. அந்த வீட்டில் என் மகளை நினைத்துக்கொண்டு யாரோ ஒருவர் சாப்பிடாமல் கிடக்கிறார் என்றால், நாயாக இருந்தால்தான் என்ன.

கீழ்வீட்டுப் பெண்ணை நினைத்து என் வீட்டுக்காரியும் கண் கலங்கினாள். சூப்பில் மிளகைக் குறைத்துப் போடச் சொன்னாள்.

மகளிடம் போனில் சொன்னது அவள்தான். துரை சாப்பிடுகிறானா என்று முதலில் கேட்டாளாம். பிறகு, "சனிக்கிழமை போறேன்மா. அவங்க வெளிய போக வேணாம்னு சொல்லு" என்றாளாம்.

சம்பந்தியம்மா, எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவள் வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறாளே தவிர, நொறுங்கிப்போயிருக்கிறாள். அந்த வாசல்படியை மறுபடி மிதிப்பது அவளுக்குச் சாதாரணக் காரியம் இல்லை. யார் மேல் தப்பு என்ற பேச்சு வேண்டாம். அவள் வரும்போது அந்தச் சமையலறைக் கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 23

ஐயாவுக்கு,

உங்கள் மகள் இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். சொல்லும்போது அவள் எந்த இடத்தில் சிரித்தாள், எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். என் பங்குக்கு நானும் எழுதிவிடுகிறேன். தலையைக் குனிந்துகொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். இளைத்திருந்தாள். நான் "வாம்மா" என்று சொல்வதற்குள் துரை என்னைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, அவள் தோளில் இரண்டு காலையும் போட்டு முகமெல்லாம் நக்கினான். அவள் வாசலிலேயே உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐயா என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், பார்க்கட்டும் என்றுகூட உள்ளுக்குள் ஒரு கர்வம்.

நக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். மூக்கை மேலே தூக்கினான். அவ்வளவுதான். உங்கள் மகளின் தோளைத் தாண்டி ஒரே குதி. மாடிப்படியில் உருண்டு ஓடுகிற சத்தம். கீழ்வீட்டம்மா அப்போதுதான் எனக்குக் கொடுக்க விரிப்பு மூட்டையோடு கதவைத் திறந்திருக்கிறார். "ஐயோ, பொண்ணு! எம்பொண்ணு!" என்று ஒரே அலறல்.

எனக்கு உயிரே போய்விட்டது. நோயாளிப் பிள்ளை மேல் நாய் பாய்ந்துவிட்டது என்று முட்டிவலியை மறந்து ஓடினேன். "கடிச்சிட்டானா? பொண்ணு எங்கே, பொண்ணு எங்கே?" என்று கத்துகிறேன். அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, "அதோ நிக்கறா பாருங்க!" என்று கையைக் காட்டினார்.

ஹாலின் நடுவில், பழுப்பு நிறத்தில், குட்டை முடியோடு, ஒரு பெட்டை நாய். அதோடு துரை. என்ன நிலையில் என்று எழுத மாட்டேன். முதுகும் முதுகுமாக ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன். பின்னாலிருந்து உங்கள் மகள், "அத்தை, இழுக்காதீங்க! ரெண்டு பேருக்கும் அடிபட்டுடும். தானா பிரியற வரைக்கும் விடணும்" என்றாள்.

அத்தை என்றாள், ஐயா. அவசரத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் என் கை அப்படியே நின்றுவிட்டது.

பிறகென்ன, காத்திருக்க வேண்டியதுதான். கீழ்வீட்டம்மா டீ போட்டுக் கொடுத்தார். மூன்று பெண்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, எதிரே பார்க்காமல் டீ குடித்தோம். "பொண்ணு பொண்ணுன்னு சொன்னீங்களே" என்று நான் ஆரம்பித்தேன். "பொண்ணுதானேங்க, நான் பெத்த மாதிரிதான் வளர்த்தேன். ஹீட்ல இருக்கா, பருவத்துக்கு வந்திருக்கா, அதான் வெளிய விடல. அதை எப்படிங்க பளிச்சுனு சொல்றது? நீங்க பெரிய மனசு பண்ணித் துணியெல்லாம் துவைச்சுத் தரீங்க, சூப் வேற குடுத்தனுப்பறீங்க, நாய் மேல இவ்வளவு பாசமான்னு நான் நெனச்சேன்" என்றார். அந்த வாடை பட்ட விரிப்புகளை நானே தினமும் சுமந்துகொண்டு போய் துரையின் மூக்கடியில் வைத்திருக்கிறேன். அவன் சாப்பிடாததில் என்ன ஆச்சரியம்.

நான் ஊகித்த நோயைச் சொன்னேன். உங்கள் மகளின் வாயிலிருந்த டீ பீறிட்டு வெளியே வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. என் தோளில், அதுவும் பிசகின தோளில், சாய்ந்துகொண்டு சிரித்தாள். எனக்கு வலித்தது. சொல்லவில்லை.

நாய்கள் பிரிவதற்குள் நாங்கள் சில விஷயங்கள் பேசிவிட்டோம். அவற்றை எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டது கோபத்தில் இல்லை. அவளுடைய டிபன் டப்பா மேடை மேலேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உள்ளே போனேன். கையில் எடுத்ததும் வெளியே வர முடியவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
துரை வீட்டம்மா


பிப்ரவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

மகள் சொன்னதைவிட உங்கள் கடிதம் நன்றாக இருக்கிறது. அவள் "முதுகும் முதுகும்" வரைக்கும் வந்து அதற்கு மேல் சொல்ல முடியாமல் போனை வைத்துவிட்டாளாம். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று என் வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். கடிதத்தின் கடைசிப் பகுதியை நான் படித்துக் காட்டவில்லை, கையில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், "அவங்க தோள்பட்டைக்கு ஒத்தடம் குடுக்கறாங்களான்னு கேளுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு.

நான் முதலிலேயே சொன்னேன் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்: நான் முதலிலேயே சொன்னேன்.

இப்போது முக்கிய விஷயம். துரைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மகள் சொல்கிறாளாம், நீங்களும் தலையாட்டியதாகக் கேள்வி. வேண்டாம் சம்பந்தியம்மா. ஆண்பிள்ளையாகப் பிறந்ததற்கு இது என்ன தண்டனை? அவனுக்கு இருந்தது ஒரு வேகம், அது தீர்ந்துவிட்டது. பாய்லரில் பிரஷர் ஏறினால் வால்வைத் திறந்துவிடுவோம், தானாக இறங்கிவிடும். யாராவது பாய்லரையே கழற்றுவார்களா? இனி பாருங்கள், பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடுவான்.

இதை எழுதும்போது என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நாய்க்குச் செய்யறதுக்கு உங்க முகம் ஏன் இப்படிச் சுருங்குது?" என்றாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். காது போனதில் அது ஒரு வசதி.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 9

ஐயாவுக்கு,

உங்கள் பாய்லர் கணக்கு தப்பு. பூனைக்குட்டியாவது ஒன்றாவது. அடுத்த நாளே பால்கனிக் கதவைப் பிறாண்டி மரத்தைப் பெயர்த்துவிட்டான். நாய் டாக்டரிடம் உங்கள் வால்வு உதாரணத்தை அப்படியே சொன்னேன். சின்ன வயசுப் பெண், சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "ஒரு தடவை சேர்ந்தா அடங்காதும்மா. எங்க போனா என்ன கிடைக்கும்னு இப்ப அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு, இன்னும் அதிகமாத்தான் தேடுவான்" என்றார். நானும் கீழ்வீட்டம்மாவும் சேர்ந்து திட்டு வாங்கினோம். அவர் மறைத்ததற்கு, நான் சுமந்ததற்கு.

ஹீட் முடியும் வரை என்ன செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னதை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். பொண்ணை அந்த அம்மா கையில் தூக்கிக்கொண்டுபோய், காரில் ஏற்றி, வேறு எங்கோ இறக்கி நடக்கவைத்தார். படியிலோ வாசலிலோ அவள் கால் பதியக் கூடாது. அவள் விரிப்புகள் கடைக்குப் போயின. நான் படியையும் வாசலையும் வினிகர் போட்டுத் துடைத்தேன். பால்கனிப் பக்கம் துரையை விடவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே வாரை மாட்டிவிடுவது. அவர்கள் போகாத நேரத்தில், போகாத தெருவில், அவன் களைக்கும் வரை நடை. வீட்டில் சும்மா இருந்தால்தானே நினைப்பு வரும் என்று, சாப்பாட்டைப் பழைய துண்டுகளில் முடிந்து அங்கங்கே ஒளித்துவைத்தேன். தேடித் தேடித் தின்றான். ஊளையிட்டால் அதட்டக் கூடாது, கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அவன் செய்வது அடம் இல்லை, அவனாலேயே தாங்க முடியாத ஒன்று என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பாவமாகிவிட்டது. முதல் நாள் அவனை அதட்டியிருக்கிறேன்.

சங்கத்துக்காரர்கள் சொன்ன தேதிக்கு வந்து நின்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே கீழ்வீட்டம்மா படியேறி வந்து, "தப்பு ரெண்டு வீட்டு மேலயும்தான். அனுப்பறதா இருந்தா ரெண்டையும் அனுப்புங்க, எங்களையும் சேர்த்து" என்றார். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பதைச் சொன்னோம். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். துரைக்கு ஆபத்து நீங்கியது.

உங்கள் எதிர்ப்பை நான் மறக்கவில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு தடவையும் பட்டினி கிடந்து, கதவில் மோதி, நகம் பெயர்ந்து தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஒரு நாள் வார் நழுவி ரோட்டுக்கு ஓடினால் என்ன ஆகும்? மகனிடம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சரின்னா சரி" என்றான். நீங்க ரெண்டு பேரும் என்று அவன் சொன்னது என்னையும் உங்கள் மகளையும். அவர்கள் வழி வேறு வேறுதான், அதில் எனக்கு இனி மயக்கம் இல்லை. போன வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. உங்கள் மகள் லீவு போட்டு வந்து கூடவே இருந்தாள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு துரை கதவு, சுவர், என் கால் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிகிறான். பழைய வேகம் உடனே போகாதாம், சில வாரம் ஆகுமாம். அதுவரை கீழ்வீட்டுப் பக்கம் காட்டக் கூடாதாம்.

உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏக்கம் என்று எழுதி உங்கள் மகளை அத்தனை தூரம் இழுத்தடித்தேன். துரைக்கு இருந்தது ஏக்கம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த வீட்டில் ஏங்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. ஸ்வெட்டரை நான் திருப்பி அனுப்பவில்லை. துரை அதைச் சீண்டுவதில்லை. குளிருக்கு நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துரை வீட்டம்மா


மார்ச் 15

சம்பந்தியம்மாவுக்கு,

தோற்றுவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். சின்ன மாப்பிள்ளையிடம் என் சார்பில் வருத்தம் தெரிவித்து, பிடித்ததாக ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

ஸ்வெட்டர் உங்களிடமே இருக்கட்டும். மகளிடம் சொன்னோம். "அது அத்தைக்கு லூசா இருக்குமே" என்றாளாம்.

உண்மையைச் சொல்கிறேன். துரை குணமாகிவிட்டான் என்று படித்ததும் சந்தோஷம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த ஒரு மாதமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. கத்திப் பேச வேண்டியிருக்கிறது, அவர்களுக்கும் அலுத்துவிடுகிறது. கடிதத்தில்தான் எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இனி நாயும் அடங்கிவிட்டான், பிள்ளைகள் விவகாரமும் முடிந்துவிட்டது. நாம் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது? நீங்களும் ஒரு கடிதத்தில்கூட என்னைச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. ஐயா என்றால் பேங்கில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

குறையாகச் சொல்லவில்லை. தோன்றியதைச் சொன்னேன்.

அன்புடன்,
என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்


மே 10

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாததுதான். இப்போதும் மேலே ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பொண்ணு தாயாகிவிட்டாள். டாக்டர் உடம்பைச் சோதித்துவிட்டு, பெற்றுக்கொள்ளலாம், பால்குடி மறந்ததும் அவளுக்கும் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். நான்கு குட்டிகள். மூன்று அம்மாவின் பழுப்பு. நான்காவதுக்கு துரையின் அதே ஒற்றைக் காது மடங்கல். கண் திறந்துவிட்டன. விரிப்புகளை மறுபடியும் நான்தான் துவைக்கிறேன். இந்தத் தடவை என்ன துவைக்கிறேன் என்று தெரிந்து துவைக்கிறேன்.

துரையைக் கீழே கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் நின்று பார்த்தான். பொண்ணு பல்லைக் காட்டி உறுமினாள். இவன் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பி மாடியேறிவிட்டான். சாப்பாட்டு நேரம். இப்போதெல்லாம் அவனுக்கு அதுதான் வாழ்க்கை, டாக்டர் அளவைக் குறைக்கச் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் எல்லாரும் குட்டிகளைப் பார்க்க வந்தார்கள். சங்கத்துக்காரர்கூட வந்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் மகளும் இருந்தாள். இப்போது மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுகிறாள், துரையைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. நானும் துரையைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். கீழ்வீட்டம்மா குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும், "இனிமே என்னங்க மேல்வீடு கீழ்வீடு? நாம சம்பந்தி ஆயிட்டோம்!" என்றார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனுஷி, எனக்காகச் சண்டை போட்டவர், விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுச் சாமானை யாரோ எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"அக்கான்னு கூப்பிடுங்க, இல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சம்பந்தின்னு மட்டும் வேணாம். அந்த இடத்துல எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்க" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உங்களுக்கே கேட்டிருக்குமோ என்னவோ. உங்கள் மகள் குட்டியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காது மடங்கின குட்டியை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கடுவன். வளர்ந்ததும் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. தபாலில் அனுப்ப முடியாது. நீங்களும் சம்பந்தியம்மாவும் நேரில் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். சமையலறையில் அந்த டிபன் டப்பா இன்னும் இருக்கிறது, அதையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். எனக்குக் கத்திப் பேசுவதில் சிரமம் இல்லை. சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை இது.

மேலே விட்ட இடத்தில் எழுதவேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உங்கள் இருவருக்கும்,
சம்பந்தி